அளந்து ஊற்றிய எண்ணெய்

முந்தின நாள் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை வாயில் போட்டது என்னென்ன என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் அப்போது என் வேலை. ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சி. ஆரணியில் சில தெருக்களை எடுத்துக்கொண்டு, அங்கே இருக்கிறவர்கள் சாப்பிடும் சோறு, எண்ணெய், கறி, பலகாரம் எல்லாவற்றையும் எழுதி, அவர்கள் ரத்தத்தில் ஓடும் கொழுப்போடு வைத்துப் பார்த்து, யாருக்கு மாரடைப்பு வரக்கூடும் என்று கணிப்பார்கள். நான் ஊட்டச்சத்துப் படிப்பை முடித்துவிட்டு வெம்பாக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தேன். தோளில் தொங்கும் பையில் மூன்று கிண்ணம், இரண்டு கரண்டி, ஒரு டம்ளர், ஒரு கட்டு கேள்வித்தாள்.

ஜனங்கள் சாப்பிட்டதை மறந்துவிடுவார்கள். மறக்காததை மறைப்பார்கள். டீக்கடையில் தின்ற போண்டாவைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி காதில் விழட்டும் என்று வைக்காத கோழிக்குழம்பைச் சொல்வார்கள். எண்ணெய் எவ்வளவு என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: “தாளிக்கக் கொஞ்சம்.” அந்தக் கொஞ்சத்தைக் கரண்டியில் காட்டச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் அந்த அம்மா சிரிக்கவில்லை. என் கரண்டியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது வேணாமா. இதுல ஒரு வாட்டி நெறய வரும், ஒரு வாட்டி கொறய வரும். எங்கிட்ட கணக்கு இருக்குது, எழுதிக்க” என்று சொல்லி, சமையல் மேடையில் இருந்த சிறிய எலக்ட்ரானிக் தராசைக் காட்டினார். “நேத்து காலையில ஆளுக்கு மூணு இட்லி. ஒரு இட்லி முப்பத்தெட்டு கிராம். சட்னிக்குத் தேங்கா இருபது கிராம், மூணு பேருக்கும் சேத்து. எண்ணெய் நாள் முழுக்க பன்னெண்டு கிராம். அதுல பாப்பாவுக்கு ரெண்டுதான். அவளுக்குத் தனியா தாளிப்பேன்.”

நான் எழுதிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அன்று மாலை அலுவலகத்தில் அந்தத் தாளைப் பார்த்த டாக்டரம்மா, “இதை நீயே உட்கார்ந்து எழுதினியா?” என்று சந்தேகமாகக் கேட்டார்.

அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களின் பெயரை வெளியே சொல்ல மாட்டோம் என்று அப்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஆராய்ச்சி முடிந்து பல வருடங்கள் ஆகியும் அந்தக் கையெழுத்தை மீற மனம் வரவில்லை. தெருவில் அவரை எடைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். ஒரு பட்டுச்சேலை வியாபாரியின் கடையில் நெசவாளிகளுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் நிறுத்துக் கொடுப்பது, அவர்கள் சேலையாக நெய்து கொண்டுவந்ததும் திரும்ப நிறுத்துப் பார்ப்பது, இதுதான் அவர் வேலை. முதலாளியைவிட அவரைக் கண்டுதான் நெசவாளிகள் பயந்தார்கள்.

ஒருநாள் மதியம் தாளில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்று அவரைத் தேடிக் கடைக்கே போனேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சேலையைத் தராசில் வைத்திருந்தார். எடை சரியாக இருந்தது. அவர் கிளம்பப் போனபோது இவர் சேலையின் மடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு அதை உதறி, மின்விசிறிக்குக் கீழே கொடியில் போட்டார். அந்தப் பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் கையெழுத்து வாங்கி, எடைக்காரம்மா வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்து முடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துச் சேலையைத் திரும்ப வைத்தார். எட்டு கிராம் குறைந்திருந்தது. நூலை எடுத்துக்கொண்டு, குறைந்த எடைக்குத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர்.

உள்ளே முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். எடைக்காரம்மா குரலைத் தாழ்த்தி, “அண்ணே, அடுத்த வாட்டி நல்லா காயவெச்சி எடுத்தாங்க” என்றார். அவ்வளவுதான். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

“முதலாளிகிட்ட சொல்லலையாக்கா?” என்று கேட்டேன்.

“எவ்ளோன்னு எனக்குத் தெரிஞ்சிடிச்சி. அவருக்கும் தெரியும். இன்னும் யாருக்குத் தெரியணும்?”

அவருடைய குணம் அதுதான். ஒரு பொருள் எவ்வளவு என்று தெரியாமல் அவரால் இருக்க முடியாது. தெரிந்துவிட்டால் போதும், கத்த மாட்டார், பழி சொல்ல மாட்டார். கணவர் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றும் இடத்தில் மேஸ்திரி. அவருக்கு மதியச் சோறு கட்டும்போது டப்பாவோடு நிறுப்பார். டப்பாவின் எடை தனியாக அவருக்கு மனப்பாடம். சாயங்காலம் வந்ததும் சட்டையை வாங்கி முகர்ந்து பார்ப்பார். “மாமா, ரெண்டு பஜ்ஜியா மூணா?” என்பார். அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு, “ரெண்டுதான்” என்பார். நான் அந்த இரண்டையும் எழுதிக்கொள்வேன்.

இப்படி அளக்க அவர் ஆரம்பித்தது மகளால்.

அவருக்கு ஒரே பெண். எனக்குத் தெரியவந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. ஒல்லி. எப்போதும் முழுக்கை சட்டை. முதல் இரண்டு மூன்று தடவை அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. ரத்தம் எடுக்க வந்த டெக்னீஷியன் சட்டைக் கையை மடக்கிவிடச் சொன்னபோதுதான் பார்த்தேன். இரண்டு முழங்கையிலும் மஞ்சள் நிறத்தில் சுண்டைக்காய் அளவு கட்டிகள், கொத்தாக. முட்டியிலும் குதிகாலுக்கு மேலேயும் இருப்பதை அம்மா காட்டினார். கண் ஓரத்தில்கூட மெலிதாக ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

நாலு வயதில் முதலில் ஒன்று வந்திருக்கிறது. பக்கத்திலிருந்த ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கட்டி, ஒன்றும் செய்யாது என்று அனுப்பிவிட்டார். ஆனால் அந்தக் கொழுப்பு என்ற சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரே பிள்ளை என்று நெய்யும் முட்டையுமாக ஊட்டி இப்படி ஆக்கிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அந்த வாரமே கடையிலிருந்த பழைய தராசை முதலாளியிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அன்றிலிருந்து ஒன்பது வருடம் அந்த வீட்டில் ஒரு வடைகூடச் சுடவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு ஆவியில் வேகவைத்த கேழ்வரகுப் புட்டு. அதுவும் நிறுத்து.

“கொஞ்சம் சின்னதாயிருக்குது இல்லம்மா?” என்று மகளின் முழங்கையை என்னிடம் காட்டிக் கேட்டார் அன்றைக்கு. நான் முன்னால் பார்த்ததே இல்லை. இருந்தும் தலையை ஆட்டினேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. மாதிரி மாறிவிட்டதா, குழாயில் ஏதாவது கலந்துவிட்டதா என்று கேட்டார்கள். திரும்பவும் எடுத்து அனுப்பினோம். அதே எண். அந்த வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தெருவிலேயே குறைவாக எண்ணெய் சாப்பிடும் பிள்ளைக்குத் தெருவிலேயே அதிகக் கொழுப்பு.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். “இது சாப்பாட்டால வந்தது இல்ல. பிறவியிலேயே, ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்தது. ரத்தத்துல இருக்கற கொழுப்பை ஈரல் வாங்கிக்கவே மாட்டேங்குது. இந்தப் பிள்ளைங்களுக்கு இருபது வயசுக்குள்ளயே இதயக் குழாய் அடைச்சிக்கும். நீ அவங்களோட பழகியிருக்க. பயமுறுத்தாம சொல்லி, இந்த வாரத்துக்குள்ள கூட்டிட்டு வா. மாத்திரை ஆரம்பிக்கணும். சென்னையில இதயத்தைப் பார்க்கணும். தள்ளிப்போடக் கூடாது.”

போனேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் நின்றுகொண்டே கேட்டார். நான் சாப்பாட்டால் வந்தது இல்லை என்றதும் அவர் கை சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

“அப்ப ஒம்போது வருஷமா நான் அளந்து ஊத்துனது?” என்றார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. “அதுவும் நல்லதுதாங்கக்கா. நீங்க அளக்கலன்னா இன்னும் ஏறியிருக்கும்” என்றேன்.

அவர் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். “அப்ப இன்னும் கொறச்சா இன்னும் எறங்கும்.”

“இல்லக்கா, மாத்திரை...”

“மாத்திர இந்த வயசுலேந்து தின்னா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? மூணு மாசம் குடு ஸ்டெல்லாமா. நான் எறக்கிக் காட்டறேன். எறங்கலன்னா நீ சொல்ற எடத்துக்கு வரேன்.”

சாமான் வாங்கிவிட்டுத் தவணை கேட்பதைப்போல அல்ல, தராசை நம்புகிற ஒருவர் இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கக் கேட்பதைப்போலக் கேட்டார். நான் சரி என்றேன். அலுவலகத்தில் டாக்டரம்மா கேட்டபோது, “சொல்லிட்டேன் மேடம், வரேன்னாங்க” என்றேன். அடுத்த வாரம் கேட்டார். பரீட்சை முடிந்ததும் வருவார்களாம் என்றேன். அதற்கு அடுத்த வாரம் டாக்டரம்மா வேறொரு ஊரில் முகாமுக்குப் போய்விட்டார்.

அந்த மூன்று மாதம் நான் அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை போனேன். மகளுக்கு எண்ணெய் முற்றிலும் நின்றது. தேங்காய் நின்றது. வேர்க்கடலை நின்றது. கொதித்த தண்ணீரில் கீரையைப் போட்டு உப்புப் போட்டு இறக்குவார். அந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். தட்டைப் பார்த்தபடி தின்றுவிட்டு எழுந்து போவாள். கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் மயக்கம் வந்து ஒருநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பசி மயக்கம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அம்மா தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தபோது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு சொன்னா எழுதாம இருப்பீங்களா?”

“சொல்லு.”

“நேத்து ஃப்ரெண்டு முட்ட பப்ஸ் எடுத்தாந்தா. பாதி தின்னுட்டேன். நல்லா இருந்திச்சி.”

எழுதியிருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கேள்வித்தாளில் ‘வீட்டுக்கு வெளியே உண்டவை’ என்று தனிக் கட்டமே இருந்தது. நான் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். கிராம் தவறாத அந்த வீட்டின் தாள்களில் பொய்யான ஒரே வரி அதுதான். எழுதியது நான்.

மூன்று மாதம் முடிந்து எடுத்த ரத்தத்தில் கொழுப்பு முன்பைவிட இரண்டு புள்ளி கூடியிருந்தது.

சொன்ன சொல் மாறாமல் வந்தார். கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். பெண்ணை வெளியே என்னோடு உட்காரச் சொன்னார்கள். ஆனால் கதவு சரியாகச் சாத்தவில்லை, பேச்சு கேட்டது; நான் அவளைக் குழாயடியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனபோது டாக்டரம்மா ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகப் போட்டு வம்சத்தை வரைந்துகொண்டிருந்தார். வீட்டில் யார் யார் சின்ன வயதில் இறந்தார்கள் என்று கேட்டு ஒவ்வொன்றாகக் குறுக்குக் கோடு போட்டார். கணவரின் அண்ணன், முப்பத்தெட்டு வயதில், தறியில் உட்கார்ந்தபடியே. கணவரின் அக்கா, நாற்பத்தொன்றில். அந்த அக்காதான் இவருடைய அம்மா. இவர் கட்டிக்கொண்டது தாய்மாமனை.

இரண்டு கோடுகளும் மேலே ஒரே இடத்திலிருந்து கிளம்பி, சுற்றி வந்து, கீழே அந்தச் சின்ன வட்டத்தில் சேர்ந்தன. அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளியில மாப்ள பாத்தாங்க மேடம்” என்றார் கடைசியில். “வந்தவாசில ஒரு கெவர்மென்ட் வேல. எங்கம்மாவுக்கு ரொம்ப ஆச. நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். மாமனத் தவிர யாரயும் கட்ட மாட்டேன்னு.”

கணவர் அவர் தோளில் கையை வைத்தார். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டார். கோபமாக அல்ல, ஏதோ தூசியை எடுப்பதுபோல.

அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். இதயத்தைப் பார்க்கச் சென்னையில் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்புக்கு ஏறிப்போன பெண் பாதிப் படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்குது என்றாளாம். தண்ணீர் கொண்டுவந்தபோது சுவரில் சாய்ந்திருந்தாள். கடைக்குப் போன் வந்தபோது எடைக்காரம்மா ஜரிகை நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

நான் போனபோது வீடு நிறையப் பெண்கள். அழுகையும் பேச்சும் கலந்து கேட்டது. “சோறு போடாமயே சாகடிச்சிட்டா” என்று ஒரு கிழவி எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள். “தராசு வெச்சிகினு புள்ளயக் காய வெச்சா. அந்தப் பாவம் சும்மா வுடுமா?” அது உண்மை இல்லை என்று அங்கே வந்திருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அவரே அலுவலகத்துக்கு வந்தார். டாக்டரம்மா இல்லை, நான் மட்டும்தான். எதிரே உட்கார்ந்து கேட்டார்:

“நான் இல்லாதப்ப அவ உங்கிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்காளா? எனக்குத் தெரியாம தின்னத?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு பப்ஸைப் பற்றிச் சொன்னேன். பாதி என்றேன். நான் எழுதாமல் விட்டதையும் சொன்னேன்.

“நல்லா இருந்திச்சாமா?”

“நல்லா இருந்திச்சின்னுதான் சொன்னா.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஒன்பது வருடத்தில் அந்தப் பெண் ருசித்துத் தின்ற ஒன்றைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தருணத்திலேயே மற்றதையும் சொல்லிவிட நினைத்தேன். “அக்கா, டாக்டரம்மா அந்த வாரமே கூட்டியாரச் சொன்னாங்க. நான்தான்...”

“தெரியும்” என்றார். “டாக்டரம்மா அன்னிக்கே கேட்டாங்க, ஏன் மூணு மாசம் ஆச்சின்னு. அத இன்னொரு வாட்டி எங்கிட்ட சொல்லாத.”

அதற்குப் பிறகு நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் டாக்டரம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். அந்த மூன்று மாதம் இல்லாமலிருந்தால் பிழைத்திருப்பாளா என்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “சொல்ல முடியாது ஸ்டெல்லா” என்றார். இருந்திருக்க மாட்டாள் என்று சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். இருந்திருப்பாள் என்று சொல்லியிருந்தால்கூட ஒருவகையில் தேவலை.

அன்று அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது எடைக்காரம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். வட்டமும் சதுரமும். டாக்டரம்மா வரைந்ததைப் பார்த்து அவரே வரைந்தது. தேவிகாபுரம், தேசூர், ஆரணி என்று ஊர் வாரியாகச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

“இவங்க எல்லாருக்கும் ரத்தம் எடுக்கணும். நான் கூட்டியாரேன்.”

ஆராய்ச்சியில் அதற்கு இடம் இருந்தது. அடுத்த ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போகவில்லை. விடிகாலை ஆராதனைக்கும் முன்னால் அவர் முதல் பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம் என்பதால், யாரும் டீ குடித்துவிடாமல் வாசலில் நிற்பார். தேசூரிலிருந்து வந்த ஒரு சித்தப்பா, பஸ் நிலையத்தில் மூத்திரம் போகிறேன் என்று நழுவி ஒரு டீயும் பன்னும் முடித்துவிட்டு வந்தார். இவர் அவர் மீசையைப் பார்த்தார். “சித்தப்பா, அடுத்த வாரம் வா” என்று திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் திட்டிக்கொண்டே போனார். அடுத்த வாரம் இவரே தேசூருக்குப் போய் ராத்தங்கி, காலையில் பல் விளக்கியதும் கையோடு கூட்டிவந்தார்.

பத்துப் பதினைந்து பேருக்கு இருந்தது. பாதியளவு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. மாத்திரை சாப்பிட்டால் நெடுங்காலம் இருக்கலாம். அவருக்கும் இருந்தது, கணவருக்கும் இருந்தது. கணவர் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டார். “யாருக்கு இருந்து இன்னா ஆவப்போவுது” என்றார் என்னிடம். பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போனபோது எடைக்காரம்மா மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். அதை மோரில் கலக்கினார். கணவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை. யாரிடம் போய் முறையிடுவது என்றும் தெரியவில்லை. அவர் கணவர் இன்றும் உயிரோடு இருக்கிறார்.

அந்த வருடக் கடைசியில் அவருடைய தம்பிக்கும், தேவிகாபுரத்திலிருக்கும் அவருடைய அக்காள் மகளுக்கும் நிச்சயதார்த்தம் என்று சேதி வந்தது. இரண்டு பேருமே அந்தப் பத்துப் பதினைந்து பேரில் அடக்கம்.

“நீ ஒரு வாட்டி வந்து சொல்லு ஸ்டெல்லாமா. நான் சொன்னா புத்தி பிசகிடிச்சின்றாங்க.”

ஒருவருடைய பரிசோதனை முடிவை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் அந்தக் குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது; இவரே ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். போனேன். வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன் இவர் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பெண்ணின் அப்பா கேட்டார்: “பொறக்கற புள்ளைக்கு வரும்னு நிச்சயமா சொல்வீங்களா மேடம்?”

“நிச்சயமா சொல்ல முடியாதுங்க. ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு.”

“நாலுல ஒண்ணா?” அவர் முகம் தெளிந்தது. “அப்ப நாலாவது புள்ளைக்குத்தான வரும்? இவங்க ரெண்டோட நிறுத்திக்குவாங்க.”

கூட்டத்தில் சிரித்தார்கள். நான் அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் அதே வாய்ப்புதான் என்று விளக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. எடைக்காரம்மாவின் அக்கா எழுந்து வந்தார். தங்கையின் முகத்துக்கு நேரே நின்று, “உன் பொண்ணு போனது பத்தாதா? எங்க ஊட்டுலயும் எழவு உழணுமா உனுக்கு?” என்றார். “எழுந்து போ. இனிமே எங்க வாசப்படி மிதிக்காத.”

நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். மேளம் ஆரம்பித்துவிட்டது. ஆரணி வந்து இறங்கும்போதுதான், “ஒரு வேளச் சாப்பாடு கூட போடாம அனுப்பிட்டாங்க உன்ன” என்றார்.

கல்யாணம் நடந்தது. சில மாதங்களில் ஆராய்ச்சியும் முடிந்தது. கொழுப்புக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கட்டுரை வந்தது என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார். அந்தக் குடும்பத்தின் தாள்களைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. பிறவியில் வந்தவர்களைச் சேர்த்தால் கணக்கு சரிந்துவிடுமாம். நான் வேலூருக்கு வேலை மாறிப்போனேன்.

தேவிகாபுரத்தில் அவர்களுக்குப் பிறந்த குழந்தைக்கு இப்போது ஐந்து வயது. பெண். நாலில் ஒன்று அவளுக்குத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் இரண்டு வயதிலேயே தெரிந்துவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சென்னைக்குப் போய், ரத்தத்தை இயந்திரம் வழியாக விட்டுக் கொழுப்பை வடிகட்டித் திருப்பி ஏற்றிக்கொண்டு வருகிறாள். எத்தனை வருடத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டு போவது எடைக்காரம்மாதான். பெற்றவளால் அந்த ஊசியைப் பார்க்க முடியவில்லையாம்.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது, மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் அவரிடமிருந்து வந்த போன். அவர் எப்போதும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். அன்று என் வேலை, சாப்பாடு என்று எதையெதையோ விசாரித்தார். பின்னால் பஸ் நிலையத்துச் சத்தம்.

“ஸ்டெல்லாமா, எங்கக்கா போன் பண்ணிச்சி. கண்ணாலத்துக்கு அப்புறம் இப்பதான் பேசுது.”

“என்னக்கா?”

“புள்ளைக்கு முழங்கையில மஞ்சளா என்னமோ இருக்குதாம். நீ வந்து பாருன்னுது. அழுவுது.” நிறுத்தினார். “தேவிகாபுரம் பஸ்ஸுதான் நிக்குது. நான் ஏறாம நின்னுகினு இருக்கேன். எனக்குப் பாக்க வேணாம்னு இருக்குதுமா.”

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. போகாதீர்கள் என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஆறுதலுக்காக ஒன்றைச் சொல்லி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

“போய்ப் பாருங்கக்கா” என்றேன். “அப்படியே கையோட இங்க வேலூருக்குக் கூட்டிகினு வந்துடுங்க. இன்னிக்கே.”

கண்டக்டர் கூவும் சத்தம் கேட்டது. அவர் படியேறுவது மூச்சில் தெரிந்தது.

“வெறும் வயித்துல கூட்டியாரணுமா?”

“சின்னப் பிள்ளைக்கு வேணாம்க்கா. பால் குடுத்தே கூட்டிகினு வாங்க.”

“குடுக்கலாமா?” என்று நம்பாமல் திரும்பக் கேட்டார்.

“குடுக்கலாம்க்கா. வயிறு நெறயக் குடுங்க” என்றேன்.